உங்கள் சுகர் அளவு உங்கள் சிநேகிதனுக்குத் தெரியுமா?

இந்த வருஷம் உங்கள் வீட்டுக்கும் அந்த அழைப்பு வந்திருக்கலாம். உங்களுக்கோ, உங்கள் கணவருக்கோ, அண்ணனுக்கோ. 'பிளஸ் டூ, 1988 செட். சனி, ஞாயிறு ரெண்டு நாள் குற்றாலம். ரூம் போட்டாச்சு. தலைக்கு 3,000. வராதவனுக்கு அபராதம் 6,000!' வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வந்து விழுந்ததோ இல்லையோ, 55 வயது மனிதர் 17 வயசுப் பையனாகிவிடுகிறார். பரணில் ஏறிப் பழைய குரூப் போட்டோவைத் தேடுகிறார். மீசைக்கு டை அடிக்கிறார். இருபது வருஷமாக நடக்காதவர், நாலு நாளாக விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே பை அடுக்கிக் கொடுக்கிறார்.

போகட்டும், நன்றாகப் போய் வரட்டும். பழைய சிநேகிதர்கள் கூடுவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் அதே வயசுக்காரன்தான், நானும் போகிறவன்தான். எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் பையில் அம்மா எடுத்து வைத்த மாத்திரை டப்பா, போன இடத்தில் வெளியே வருகிறதா?

பெரும்பாலும் வருவதில்லை. சட்டைக்கு அடியில் போன மாதிரியே திரும்பி வருகிறது. சீஸன் முடிந்த கையோடு என் வைத்திய சாலைக்கு வருகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன். "ரெண்டு நாள் ஏன் மாத்திரை போடலை?" பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "ரூம்ல நாலு பேர் இருந்தாங்க சார். அவங்க முன்னால எப்படி டப்பாவைத் திறக்கிறது? என்னலே, நீயும் மாத்திரை கேஸான்னு கிண்டல் பண்ணுவானுவளே!"

சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லாமலே ஒரு பரீட்சை நடக்கிறது. யார் என்ன கார், யார் எந்த ஊரில் வீடு கட்டினான், யார் மகன் அமெரிக்கா, யார் மகள் டாக்டர். அத்தனையிலும் மார்க் வாங்க முடியாதவர்கூட, "பார்த்தியா, உடம்பை எப்படி வச்சிருக்கேன்!" என்று ஒரு பாடத்திலாவது பாஸாகப் பார்க்கிறார். அங்கே போய் சர்க்கரை, பி.பி. என்று சொல்வது ஃபெயிலானதை ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிடுகிறது.

ஆனால் கவனித்திருக்கிறீர்களா, ஐம்பதைத் தாண்டிய எந்த செட் கூடினாலும் முதல் நிகழ்ச்சி மௌன அஞ்சலிதான். போய்ச் சேர்ந்தவர்களின் பெயரை ஒருவர் வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் மெல்லக் கேட்பார், "என்னாச்சு அவனுக்கு?" "ஹார்ட்டாம்ப்பா. அவனுக்கு இருந்ததே யாருக்கும் தெரியாது." இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் ஒரு நிமிஷம் தலை குனிந்து நிற்கிறார்கள். அப்புறம் அவரவர் மாத்திரையை மறைத்துக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள்!

சனிக்கிழமை ராத்திரிக்கு வருவோம். ஆறு மணிக்கு மேல் பாட்டில் திறக்கப்படுகிறது. கூடவே பொரித்த கோழி, மிளகாய்த் தூள் போட்ட வேர்க்கடலை. சாப்பாடு? "அதுக்கென்ன அவசரம், பன்னெண்டு மணிக்குச் சாப்பிட்டாப் போச்சு!" பழைய வாத்தியார் கதை, பழைய சினிமா பாட்டு, சிரிப்பு, கும்மாளம். இந்தக் கூட்டத்தில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் இருக்கிறார். பொறுப்பான மனிதர், யாருக்கும் தெரியாமல் பாத்ரூமில் வைத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். சாதாரண நாளாக இருந்தால் கல்லீரல் ஓடி வந்து, தான் சேர்த்து வைத்த சர்க்கரையைக் கொடுத்துக் காப்பாற்றும். புதிதாகவும் தயாரித்துக் கொடுக்கும். மது உள்ளே போன ராத்திரியில் கல்லீரலுக்கு அந்த விஷத்தை எரிப்பதுதான் முதல் வேலை. சர்க்கரை தயாரிக்கிற வேலை மந்தப்பட்டுவிடுகிறது. சர்க்கரை 70-க்குக் கீழே போகிறது, 50-க்குக் கீழேயும் போகிறது. வியர்வை, கை நடுக்கம், நாக்குக் குழறல், சம்பந்தமில்லாத கோபம், நடை தடுமாற்றம், பிறகு தூக்கம்.

இதெல்லாம் என்ன மாதிரி இருக்கிறது சொல்லுங்கள்? அச்சு அசல் போதை மாதிரியே இருக்கிறது! "எலே, இவனுக்கு ஓவராயிட்டு. தூக்கிட்டுப் போய் படுக்கப் போடுங்க. காலையில சரியாயிரும்." சிநேகிதர்கள் பாசத்தோடு செய்கிற காரியம்தான். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஃபேனையும் போட்டுவிட்டு வருகிறார்கள். உள்ளே இருப்பவருக்குப் போதை ஏறவில்லை. மூளைக்குச் சர்க்கரை போகவில்லை. காலையில் சரியாகாமலே போகலாம்.

அந்த அறையில் ஒரே ஒரு ஆளுக்கு, 'இவன் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன்' என்று தெரிந்திருந்தால் போதும், கதையே மாறிவிடும். நினைவு இருந்து, விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரம் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வையுங்கள், தனியே தூங்க விடாதீர்கள்; மது குடித்தவருக்கு விடிவதற்குள் மறுபடியும் இறங்கலாம். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஊற்றினால் மூச்சுக் குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். 'போதையா, லோ சுகரா?' என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்க வேண்டாம். சந்தேகம் வந்தாலே சர்க்கரை என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். யாராவது ஒருவர் பையில் குளுக்கோ மீட்டர் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துபோகும்.

இதயமும் இருக்கிறது. வார இறுதியில், விடுமுறையில் அளவு மீறிக் குடித்துவிட்டு, நெஞ்சு படபடக்க ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களைப் பார்த்து, 1978-லேயே அமெரிக்க டாக்டர்கள் இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடுமுறை இதயம்! முன்பு இதய நோயே இல்லாதவருக்கும் துடிப்பு தாளம் தப்பி ஓடும். பலருக்குத் தானாக அடங்கிவிடும். ஆனால் அதுவே ரத்தக் கட்டிக்கும் பக்கவாதத்துக்கும் வழி விடுவதும் உண்டு.

"ரெண்டு நாள் விட்டா என்ன சார்?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. அட்டினலால், மெட்டோப்ரலால் வகையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் எகிறும். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சு வலியே வரலாம். ஸ்டென்ட் வைத்துச் சில மாசமே ஆனவர்கள், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது. நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். கஷாயமும் சூரணமும் கொடுத்துப் பிழைக்கிறவன். என்றாலும், இங்கிலீஷ் மருந்தை நீங்களாக நிறுத்துங்கள் என்று என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. டூர் போகிற இடத்தில் நிறுத்துங்கள் என்று சொல்வேனா?

எங்கள் மருத்துவத்தில் மனிதனின் ஆயுளை நூறு என்று வைத்து மூன்றாகப் பகுத்திருக்கிறார்கள். முதல் 33 வருஷம் வாத காலம், அடுத்த 33 பித்த காலம், கடைசி 33 கப காலம். 55 வயசு என்றால் நடுப் பித்தத்தில் நிற்கிறீர்கள். ராக்கண் விழிப்பு, காரம், எண்ணெயில் பொரித்தது, மது, இவை நான்குமே பித்தத்தைக் கிளப்புகிறவை. நான்கையும் ஒரே ராத்திரியில் சேர்த்தால் என்ன ஆகும்? 17 வயசில் ராத்திரி முழுக்க கண் விழித்து, இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு, காலையில் கால்பந்து ஆடிய உடம்பு வேறு. இப்போது குற்றாலத்துக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு போகிற உடம்பு வேறு.

இன்னொரு வகை ஆசாமிகளும் உண்டு. கிளம்புவதற்கு முதல் நாள் வந்து, "டாக்டர், சனிக்கிழமை கொஞ்சம் தண்ணி போடுவோம். ஈரலுக்கு ஒண்ணும் ஆகாம இருக்க கீழாநெல்லி ஏதாவது..." என்று தலையைச் சொறிவார்கள். வீட்டுக்கு முன்கூட்டியே தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டுத் தீ வைக்கிற கதைதான். குடிக்கிறதற்குக் காவல் நிற்கிற மூலிகை எதுவும் என் அலமாரியில் இல்லை.

அதனால் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தில் மது வேண்டவே வேண்டாம். "இவன் ஒரு கிழவன்" என்று சொல்லிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. உடம்புக்குக் கெடுதல் இல்லாத மது அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்களுடன் படித்த பெண்கள். மத்தியானம் வரை சேர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏன் அவசரமாகக் கிளம்புகிறார்கள்? ஆறு மணிக்கு என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பாதி வகுப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நடத்துவதற்குப் பெயர் வகுப்புச் சந்திப்பா?

பெண்கள் என்றதும் வீட்டில் இருக்கிற ஆண்களிடம் கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் உங்கள் செட்டோடு இரண்டு நாள் போய்விட்டு வருகிறீர்கள். உங்கள் மனைவியின் செட் எங்கே? அவரும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்தானே? கல்யாணம் ஆனதும் இனிஷியல் மாறி, ஊர் மாறி, கூடப் படித்தவர்கள் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்ட எத்தனை பெண்கள்! அவரையும் ஒரு சனி, ஞாயிறு அனுப்பி வையுங்கள். இரண்டு நாள் சமையல் கெட்டுப்போனால் குடி முழுகிவிடாது.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன்? என்னிடம் வந்த ஒரு அம்மா. 56 வயசு. மாதவிலக்கு நின்று ஐந்து வருஷம். திரும்பவும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரம் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நாலு மாசம் கணவரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, கூடப் பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பல வருஷம் கழித்து ஒரு சந்திப்பில் பார்த்தபோது, கை கழுவுகிற இடத்தில் வைத்துச் சொல்லியிருக்கிறார். "ஏட்டி, இதையா நாலு மாசமா வச்சுக்கிட்டிருக்க?" என்று அந்தத் தோழிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். நான் கஷாயம் கொடுக்கவில்லை. அன்றைக்கே மகளிர் மருத்துவரிடம் அனுப்பினேன். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் ஸ்கேன் பார்த்தாக வேண்டும், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். பல பேருக்குச் சாதாரணக் காரணமாக இருக்கும். சில பேருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்தக் கூடியது.

ஆண்கள் மட்டும் என்ன, சளைத்தவர்களா? ஒரு செட் பண்பொழி திருமலைக் கோயில் படி ஏறியிருக்கிறது. கூட வந்த ஒருவர் மூன்று இடத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்தார். வார் நன்றாகத்தான் இருந்தது! அதைக் கவனித்தவர் சின்ன வயசு சிநேகிதர். "உண்மையைச் சொல்லுலே, நெஞ்சு அடைக்குதா?" கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டாராம். மனைவி ஆறு மாசமாகக் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கேஸு" என்றே சொல்லி வந்தவர்! அவரை என்னிடம்தான் முதலில் அழைத்து வந்தார்கள், ஏதாவது சூரணம் கேட்டு. நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் அது கேஸ் இல்லை. இதய மருத்துவரிடம் அனுப்பினேன். இரண்டு அடைப்பு.

மனைவி கேட்டால் 'நச்சரிப்பு'. பிள்ளை கேட்டால் 'உனக்கென்ன தெரியும்?' டாக்டர் கேட்டால் பாதி உண்மை. உங்கள் முகத்துக்கு நேரே 'எலே' என்று கூப்பிட்டு, பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடக் கூடிய ஆள், இந்த வயசில் எத்தனை பேர் மிச்சம்? அந்த உரிமை கூடப் படித்தவனுக்கு இருக்கிறது. 2010-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 148 ஆய்வுகளை, மூன்று லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். நல்ல உறவும் நட்பும் உள்ளவர்கள் அந்த ஆய்வுகளின் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட 50 சதவிகிதம் அதிகம் என்று தெரிந்தது. அதில் குடும்பமும் உண்டு, சிநேகிதமும் உண்டு. கிடைத்தற்கரிய அந்த மருந்தை இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு, செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பி வருகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

என்ன செய்யலாம்? பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. அறைக்குள் நுழைந்ததும் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி மேஜைமேல் வையுங்கள். நீங்கள் முதலில் வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் பக்கத்துக் கட்டில்காரரும் எடுத்து வைப்பார், பாருங்கள்! யாருக்கு என்ன, எந்த மாத்திரை, எது ஒத்துக்கொள்ளாது, வீட்டு நம்பர் என்ன என்று ஒரு அறையில் படுக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. இட்லி, இடியாப்பம் போதும். பரோட்டா ஆசை இருந்தால் பிரானூர் பார்டரில் மத்தியானம் தீர்த்துக்கொள்ளுங்கள். மந்தமாக இருந்தால் சாயங்காலம் சுக்கு மல்லிக் காபி குடியுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்த பஞ்ச தீபாக்கினி சூரணம் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும். வெந்நீரில் கால் டீஸ்பூன் போதும். வயிற்றுப் புண்காரர்களுக்கு அது வேண்டாம்.

அருவிக்கு வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், வயிறு முட்டத் தின்றுவிட்டும் போக வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் சடாரென்று தலையை நீட்டாமல், கால், கை, முதுகு என்று மெல்ல நனைத்துப் பழகிக்கொண்டு, ஓரமாக நில்லுங்கள். அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள், கடைசியில் கழுத்தைப் பிடித்து 'படக்'கென்று ஒரு சொடக்கு எடுப்பார்கள். கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்கள், "அண்ணே, அது மட்டும் வேண்டாம்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறினாலோ, போலீஸார் விசில் ஊதினாலோ விவாதம் செய்யாமல் வெளியே வந்துவிட வேண்டும். 2024 மே மாசம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கும்.

மேடை போட்டு மைக் பிடித்து, ஒவ்வொருவராகத் தன் சாதனையைச் சொல்லுகிற நிகழ்ச்சியை விட்டுவிடலாம். சொல்ல ஒன்றும் இல்லாதவர் அடுத்த தடவை வரமாட்டார். அதற்குப் பதில் காலையில் இரண்டு இரண்டு பேராக நடந்துவிட்டு வாருங்கள். மனிதன் முகத்தைப் பார்த்துச் சொல்லாததை, பக்கத்தில் நடக்கும்போது சொல்லுவான்.

தலைக்கு 3,000 என்று பொதுவில் போடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. இருப்பவர்கள் இரண்டு பங்கு போட்டால், இல்லாதவர் காதும் காதும் வைத்தமாதிரி வந்துவிட்டுப் போவார். 'லீவு கிடைக்கலை' என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே லீவு கிடைக்கவில்லை? சிலருக்குக் காசு இல்லை. சிலர் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. வராதவர் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் போன் செய்யுங்கள். வீடு வழியில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறபோது எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் நாள் ராத்திரி தூங்காதவர் கையில் மட்டும் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் போட்டோ வந்து குவியும். புதன்கிழமைக்குள் ஓய்ந்துவிடும். உங்களோடு நடந்தபோது "மூணு வருஷமா சுகர் பார்க்கலைப்பா" என்று சொன்னாரே ஒருவர், அவருக்கு வியாழக்கிழமை ஒரு போன் போடுங்கள். "டெஸ்ட் எடுத்தியாலே?" எடுக்கவில்லை என்றால் சனிக்கிழமை இன்னொரு போன்.